எங்கள் திருடன், உங்கள் திருடன்

ஜூன் 2, 2019, ஞாயிறு

மொன்றியலில் நான் வேலை பார்க்கும் உணவகச் சமையலறையில் ஹெய்ட்டிக்காரர்கள் இருவர் உண்டு. ஒருவர் அறுபதைத் தாண்டிய பெரியவர், முன்னாள் அதிபர் அரிஸ்டீட்டின் லாவலாஸ் இயக்கத்தை இன்றும் விட்டுக்கொடுக்காதவர். மற்றவர் முப்பது வயதுக்காரர். முன்னாள் அதிபர் மார்ட்டெலியும் இன்றைய அதிபர் மொயீஸும் சார்ந்த ‘தெத் காலே’ கட்சியின் ஆள். இன்று வெங்காயம் உரிக்கும்போதே இருவருக்கும் சண்டை மூண்டுவிட்டது.

காரணம், வெள்ளிக்கிழமை ஹெய்ட்டியின் தணிக்கை நீதிமன்றம் செனட்டிடம் கொடுத்த அறிக்கை. அறுநூறு பக்கங்களுக்கு மேல். வெனிசுவேலா தந்த எண்ணெய்க்கு விலையில் ஒரு பகுதியை மட்டும் உடனே கட்டினால் போதும். மிச்சம் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன். அந்த மிச்சப் பணத்தில் சாலையும் வீடும் மருத்துவமனையும் கட்டலாம் என்பதுதான் பெட்ரோகரிபே ஏற்பாடாக இருந்தது. ஏறக்குறைய 200 கோடி டாலர் வந்தது. கட்டியது எங்கே என்பதுதான் கேள்வி.

அறிக்கையில் அதிபரின் பெயரும் அடிபடுகிறது. பதவிக்கு வருமுன் அவர் நடத்திய வாழைத் தோட்ட நிறுவனம் அக்ரிட்ரான்ஸ். வாழை பயிரிடும் நிறுவனத்துக்குச் சாலை போடும் ஒப்பந்தம்! அதே சாலைக்கு இன்னொரு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம். இரண்டுக்கும் ஒரே வரி எண். மொயீஸ் மறுக்கிறார். சின்னவர் அவரைவிட உரக்க மறுக்கிறார். பெரியவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

ஜூன் 4

இடைவேளையில் ஒன்றைச் சொல்லி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அறிக்கை ஆராய்வது 2008 முதல் 2016 வரையிலான காலம். மார்ட்டெலிக்கு முன்பு ஆண்ட பிரெவாலின் ஆண்டுகளும் அதற்குள் வருகின்றன. பிரெவால் ஒரு காலத்தில் அரிஸ்டீட்டின் பிரதமர். “அது வேறு” என்றார் பெரியவர். எப்படி வேறு என்று சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்ட்டில் ஒரு திரைப்படக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு, “பெட்ரோகரிபே பணம் எங்கே?” என்று ஹெய்ட்டியரின் பேச்சுமொழியான கிரியோலில் எழுதிய அட்டையைக் கையில் பிடித்துப் படம் எடுத்து வெளியிட்டார். அந்தக் கேள்வியில் கட்சி இல்லை. யார் காலத்துப் பணம் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. அதனால்தான் அக்டோபர் 17 அன்று அத்தனை பேர் தெருவில் இறங்கினார்கள் என்று நினைக்கிறேன். அது நாட்டை நிறுவிய தெசலின் கொல்லப்பட்ட நாள். 1806இல் அவரைக் கொன்றது பிரெஞ்சுக்காரர்கள் அல்லர், சொந்தப் படையினர்.

வெளிநாட்டில் இருக்கும் ஹெய்ட்டிக்காரர்கள் ஊருக்கே போய் நின்றால் ஒழிய வாக்களிக்க முடியாது. மாதா மாதம் பணம் அனுப்பலாம், வாக்கு மட்டும் இல்லை. கட்சிப் பற்று அங்கிருப்பவர்களைவிட இங்கே முறுக்கேறிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூன் 7

இரவு முழுவதும் ஹெய்ட்டியின் வானொலிப் பத்திரிகையாளர் ழான் தொமினிக்கின் குரல். ரேடியோ ஹெய்ட்டி இன்டரின் பழைய ஒலிநாடாக்களை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றிவருகிறது. என் பிரெஞ்சு போதும். கிரியோல் பாதிதான் பிடிபடுகிறது. ஆனால் அந்தக் குரல்! கிண்டல், இழுவை, திடீரென்று ஒரு மௌனம், பிறகு வெட்டு.

வேளாண்மை படித்தவர். சர்வாதிகாரி துவாலியேயின் ஆட்சி 1980இல் வானொலியை நொறுக்கியபோது நாட்டைவிட்டுப் போனார், 1986இல் திரும்பினார். அரிஸ்டீட்டை ஆதரித்தார். 1991இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மறுபடி வெளியேறி, 1994இல் அரிஸ்டீட் மறுபடி பதவியில் அமர்த்தப்பட்டபின் வந்தார். இத்தனை இழந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டு அரண்மனையில் காப்பி குடித்திருக்கலாம். அவரோ 1996 டிசம்பரில் அரிஸ்டீட்டையே உட்கார வைத்து, இயக்கத்தைச் சூழ்ந்த ஊழலைப் பற்றி முகத்துக்கு நேரே கேட்டார். 1999 அக்டோபரில் லாவலாஸின் பலம் வாய்ந்த புள்ளியான தானி தூசேனை ஒலிபரப்பிலேயே சாடினார். 2000 ஏப்ரல் 3 காலை, வானொலி நிலைய முற்றத்தில் அவரையும் காவலாளியையும் சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

எதிரியைத் திட்டுவதற்கு நம் முகாமில் கைதட்டல் கிடைக்கும். தொமினிக்குக்கு அந்தக் கைதட்டல் தேவைப்படவில்லை. துரோகிப் பட்டம் எங்கள் பக்கத்திலும் தாராளமாக வழங்கப்பட்டதுதான். அதை இங்கே கிளறப் போவதில்லை.

ஜூன் 10

நேற்று போர்ட்-ஓ-பிரான்சில் பெரிய ஊர்வலம். மொயீஸ் விலக வேண்டும் என்கிறார்கள்.

தொமினிக்கைப் பற்றிப் பேச்செடுத்தேன். பெரியவர் கோபப்படவில்லை. “நல்ல மனிதர். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த விமர்சகர்கள் யார் பக்கம் போய் நின்றார்கள், பார்த்தாயா?” என்றார். 2004 பிப்ரவரி 29 விடியலில் அமெரிக்க ஏற்பாட்டில் வந்த விமானம் அரிஸ்டீட்டை நாட்டைவிட்டு ஏற்றிச் சென்றது. கடத்தினார்கள் என்கிறார் அரிஸ்டீட். தானாக விலகினார் என்கிறது வாஷிங்டன். “ஊழல், ரவுடிகள் என்று அவர்கள் கத்தியதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்தே எங்கள் வாக்கைப் பறித்தார்கள்” என்றார் பெரியவர்.

இதை லேசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. 19 ஆண்டுகள், 1915 முதல் 1934 வரை, அமெரிக்கப் படையின் கீழ் இருந்த நாடு அது. சொந்த வீட்டுக் குறையை வெளியே சொன்னால் வெளியார் உள்ளே வருவார்கள் என்ற பயம் அங்கே வெறும் கற்பனை அல்ல.

ஆனாலும் ஒரு சோதனை உண்டு. அரிஸ்டீட் போனபின் வந்த இடைக்கால அரசு, முன்னாள் பிரதமர் இவோன் நெப்டூனை விசாரணையே முடிக்காமல் ஏறத்தாழ இரண்டு ஆண்டு சிறையில் வைத்தது. ஏழைகளுக்குச் சோறு போட்ட பாதிரியார் ழெரார் ழான்-ஜூஸ்தையும் உள்ளே தள்ளியது. அரிஸ்டீட்டின் அத்துமீறல்களைக் கண்டித்தவர்களில் யார் யார் அப்போதும் வாய் திறந்தார்களோ, அவர்களுடைய பழைய விமர்சனத்தை நான் நம்புவேன். மற்றவர்களுக்கு ஆள் மாறினால் போதுமாக இருந்திருக்கிறது. இதே அளவுகோலைப் பெரியவருக்கும் சின்னவருக்கும் வைத்தால் இருவருமே தேற மாட்டார்கள்.

ஜூன் 13

சின்னவர் இன்று வந்ததும் வராததுமாக, அக்ரிட்ரான்ஸ் பற்றிய பகுதியைப் படித்ததாகச் சொன்னார். “ஒரே வரி எண் என்பதற்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை” என்றார், யாரையும் பார்க்காமல். பெரியவர் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை. “பிரெவால் காலத்துப் பக்கங்களை அச்சிட்டுக் கொண்டு வா. கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன்” என்றார் என்னிடம்.

நிம்மதி பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. மொயீஸ் விலகினால் அடுத்தது யார் என்று சின்னவர் கேட்டுத் தொலைத்தார். பெரியவரிடம் பெயர் தயாராக இருந்தது.