போர் போட முடியாத இன்ஜின்

என்னுடைய 1989 மஸ்டா ஆர்எக்ஸ்-7 வண்டியின் 13பி ரோட்டரி இன்ஜினைப் பிரித்து மேஜையில் பரப்பி மூன்று வாரம் ஆகிறது. கோயம்புத்தூரில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மாமாவிடம் போனில் சொன்னேன். "தேஞ்சிருந்தா போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதுதானேடா" என்றார். பிஸ்டனே கிடையாது மாமா என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ரோட்டரி இன்ஜினில் வம்பே அங்கேதான். சாதாரண இன்ஜினில் சிலிண்டர் தேய்ந்தால் போர் போட்டு, அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம். இதில் முக்கோண ரோட்டர், எட்டு மாதிரி இடுப்பு சிறுத்த ஹவுசிங் என்கிற கூட்டுக்குள்ளே சுற்றுகிறது. ஓவர்சைஸ் ரோட்டர் என்று எதுவும் கடையில் கிடைக்காது. ஹவுசிங்கின் உள்சுவர் அலுமினியத்துக்குள் பதித்த இரும்புத் தகடு, அதன்மேல் மெல்லிய குரோம் பூச்சு. அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று உப்புத்தாளை எடுத்தால் கதை முடிந்தது. 1960களில் ஹிரோஷிமாவில் மஸ்டா இன்ஜினியர்களின் தூக்கத்தைக் கெடுத்ததும் இதே சுவர்தான். ரோட்டரின் முனைகளில் சுவரை உரசி ஓடுகிற அபெக்ஸ் சீல் அதிர்ந்து அலையலையாகப் போட்ட தழும்புக்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பேர் வைத்தார்கள், கார்பன் கலந்த சீல் போட்டுத்தான் 1967இல் காஸ்மோ என்கிற ரோட்டரி வண்டியை வெளியே விட்டார்கள். என் ஹவுசிங் இரண்டிலும் ஓரத்தில் மட்டும் குரோம் லேசாக உரிந்திருக்கிறது. சீல் ஓடும் நடுப்பகுதி நன்றாக இருப்பதால் அப்படியே போடுகிறேன்.

அரைத்து மட்டமாக்க முடிகிற பாகம் என்றால் ஹவுசிங்கைப் பக்கவாட்டில் மூடுகிற சைடு பிளேட்தான். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று, நடு பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் உரசும் என்பதால் ஆக நான்கு முகம். எல்லாம் வார்ப்பிரும்பு. ஸ்பார்க் பிளக் பக்கம் வெடிப்பின் அழுத்தத்தில் ரோட்டரின் பக்கவாட்டுச் சீலான சைடு சீல் உரசி உரசி ஒரு படி விழும். நகத்தை ஓட்டினால் 'டிக்' என்று மாட்டும். ஆனால் நகம் சொல்வதை நம்பி முடிவெடுக்கக் கூடாது, டயல் கேஜ் வைத்துப் பார்க்கணும். மஸ்டா சொல்கிற எல்லை 0.10 மில்லிமீட்டர். என் முன் பிளேட்டும் பின் பிளேட்டும் 0.04, 0.05 என்று தப்பித்துக்கொண்டன. நடு பிளேட்டில் முள் 0.13 வரை போய் நின்றது.

சரி, லேப்பிங் கொடுத்து, அதாவது முகத்தை மெல்ல அரைத்து மட்டமாக்கிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் சந்தேகத்துக்குச் சீல் படாத ஒரு மூலையில் சின்ன அரத்தை இழுத்துப் பார்த்தேன். முன் பிளேட்டில் கண்ணாடிமேல் இழுத்த மாதிரி வழுக்கியது. நடு பிளேட்டில் கரகரவென்று கடித்து, சாம்பல் நிறத் தூள் விழுந்தது! கம்பெனியிலிருந்து வரும்போது இந்த முகத்துக்கு நைட்ரைடிங் செய்த, அதாவது சூட்டில் நைட்ரஜன் ஏற்றிய கெட்டியான தோல் இருக்கும். எனக்கு முன்னால் யாரோ ஒரு பட்டறையில் அரைத்து, தோலை எடுத்துவிட்டு, மறுபடி நைட்ரைடிங் செய்யாமலே மாட்டியிருக்கிறார்கள். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்திருக்கும். உள்ளே இருந்தது வெறும் வார்ப்பிரும்பு, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் படி விழுந்திருக்கிறது.

அரைத்தாலே போதும், எண்ணெய் நின்று தானாகப் பழகிவிடும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பந்தய வண்டிக்கு, வருஷம் ஒருமுறை பிரிக்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். நான் ஆபீஸ் போக ஓட்டுகிறவன். இன்னொரு தலைவலியும் இருக்கிறது, 1986க்கு அப்புறம் வந்த 13பியில் குளிர்விக்கிற தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் உட்காரும் பள்ளம் இந்தப் பிளேட்டில்தான் வெட்டியிருக்கும், அரைக்கிற அளவுக்குப் பள்ளத்தின் ஆழமும் குறையும். ஏற்கெனவே ஒருமுறை அரைத்த பிளேட்டை மறுபடி அரைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் நல்ல தோலோடு இருக்கிற பழைய நடு பிளேட் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒருவர் கொண்டுவந்து காட்டினார், கண்ணாடி மாதிரி மின்னியது. பையிலிருந்து அரத்தை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.