பூக்காத ஆண்டில் இராஜமலை

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்து மூணாறுக்கு ஏறும் சாலையில், மறையூரை நெருங்கும்போது சந்தன மரங்களைச் சுற்றிக் கம்பி வேலி தொடங்கிவிடும். 2018 செப்டம்பரில் இதே சாலையில் வந்தபோது, "மரத்துக்கு இருக்கிற காவலைப் பாரேன்" என்று சொல்லி அக்கா சிரித்தாள். இந்த முறை பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் யாரோ தூங்கிக்கொண்டு வந்தார். வேலி முடியும்வரை நான் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று நாங்கள் வந்தது குறிஞ்சியைப் பார்க்க. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதையை உதிர்த்துவிட்டு மடிந்துபோகும் செடி அது. 2006க்குப் பிறகு 2018இல்தான் பூத்தது. அந்த ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தில் பூவும் மழையில் அழுகியிருக்கும், போய்ப் பயனில்லை என்று நான் தயங்கினேன். அக்கா கேட்கவில்லை. பளியர் பழங்குடியினர் ஒருகாலத்தில் குறிஞ்சி பூத்ததை வைத்தே வயதைக் கணக்கிட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தவள், 1982, 1994, 2006, 2018 என்று விரல்விட்டு எண்ணி, "எனக்கு நாலு குறிஞ்சி வயசு, உனக்கு மூணுதான், பேசாமல் வா" என்றாள்.

இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசலில் இறங்கி, வனத்துறையின் சிறு பேருந்தில் இராஜமலைக்கு ஏறிச் சென்றபோது எதிரே இருந்த ஆனைமுடி முழுவதும் மூடுபனிக்குள் இருந்தது. 2,695 மீட்டர் உயரமுள்ள சிகரம் அங்கே இருப்பதை நம்பித்தான் ஆகவேண்டும். சரிவில் பூ இருந்தது. ஆனால் திட்டுத்திட்டாக, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி. பனி விலகட்டும் என்று அக்கா குடையை விரித்துக்கொண்டு ஒரு வளைவில் நின்றுவிட்டாள். குடையின் ஒரு கம்பி முறிந்து துணி தொங்கியதால், அந்தப் பக்கத் தோள் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. குளிர் தாங்காமல் "கிளம்பலாம் அக்கா" என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவள் திரும்பி, "அடுத்த தடவை உன்னைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன்" என்றாள். ஆனால் இறங்கும்போது என் கைப்பேசியை வாங்கி, நாட்காட்டியில் 2030 செப்டம்பருக்குச் சென்று, 'அக்காவோடு இராஜமலை' என்று அவளே பதிந்தும் வைத்தாள்.

சென்ற ஆண்டு ஒரு காலை, மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அவள் போய்விட்டாள். முந்தின இரவு அரைமணி நேரம் பேசியிருந்தோம். என்ன பேசினோம் என்பது நினைவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளும்படி எதுவும் பேசவில்லை.

பூ இல்லாத ஆண்டில் இராஜமலைக்கு வருகிறவர்கள் வரையாட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆடுகளும் ஏமாற்றுவதில்லை, பாதையோரத்திலேயே நின்று மேய்கின்றன. நான் அவற்றைத் தாண்டி அந்த வளைவைத் தேடிப் போனேன். குறிஞ்சி எது என்று எனக்குத் தெரியவில்லை. பூவை வைத்து மட்டுமே அதை அறிந்திருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. வனக் காவலர் ஒருவரிடம் கேட்டதும் அவர் குனிந்து, முழங்கால் உயரம்கூட வராத ஒரு புதரைத் தொட்டுக் காட்டினார். விளிம்பில் நுண்ணிய பற்கள், நரம்புகள் பதிந்த கரும்பச்சை இலை. நாங்கள் பார்த்த செடிகள் அப்போதே பட்டுப்போய்விட்டன, இவை அவற்றின் விதையில் முளைத்து ஏழு ஆண்டுகளாக வளர்பவை என்று மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார். 2030இல் குடும்பத்தோடு வரச் சொன்னார். வருகிறேன் என்றேன்.

பிறகு பனி இறங்கியது. சரிவு மறைந்தது, பாதையும் மறைந்தது. குளிர் அன்றைப் போலவே இருந்தது. கீழே போகும் கடைசிப் பேருந்துக்காக ஊதல் ஒலிக்கும்வரை, அந்த வளைவிலேயே பனி விலகுவதற்காக நின்றுகொண்டிருந்தேன்.