வங்கிக்குப் போவதற்கு முந்தைய ஆறு மாதம்

"குழு சேர்ந்தா லோன் கெடைக்குமாமா" என்ற பேச்சில்தான் நம் பக்கத்தில் பல மகளிர் குழுக்கள் ஆரம்பிக்கின்றன. அப்படிச் சேர்ந்த குழு முதல் கடனைப் பிரித்துக்கொண்டதும் சத்தமில்லாமல் படுத்துவிடும். நிலைத்து நிற்கும் குழுக்களைப் பாருங்கள். வங்கிப் பணம் வருவதற்கு முன் ஆறு மாதமாவது சொந்தச் சேமிப்பைத் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிப் பழகியிருப்பார்கள். 1989-ல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க 1992-ல் நபார்டு வங்கி தொடங்கிய வங்கி இணைப்பும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் வந்தன.

விதிப்படி 10 முதல் 20 பேர் சேரலாம். 12, 13 பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு பேர் விலகினாலும் குழு கலையாது. வரவு செலவை ஒரு மணி நேரத்தில் வாசித்து முடிக்கலாம். வீட்டுக்கு ஒருவர் போதும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால், வீட்டில் சண்டை வந்த மாதம் இரண்டு தவணையும் சேர்ந்து நிற்கும். ஒரே வளவுக்குள் சேர்ந்தால் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார்கள், உண்மைதான். ஆனால் வளவு என்றால் பங்காளி வீடுகள். பாக்கியைக் கேட்க வாய் வராது. தனியாரிடம் வாரத் தவணை இரண்டு மூன்று கட்டிக்கொண்டிருப்பவரைச் சேர்க்குமுன் யோசியுங்கள். இங்கே எடுத்து அங்கே கட்டுவார்.

கூட்டம் போடும் இடத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கோயில் திண்ணையில் போட்டால் காலனியிலிருந்து வருபவர் வெளியிலேயே நிற்பார், மூன்றாவது கூட்டத்துக்கு வரமாட்டார். அங்கன்வாடியோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோ பிடியுங்கள். இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நாளைக் குறிக்கும்போது காலண்டரை விட, கையில் பணம் புரளும் நாளைப் பாருங்கள். தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை கூலி வாங்குவார்கள். அவர்களுக்கு ஞாயிறு காலை. மாடு வைத்திருப்பவர்கள் அதிகம் என்றால் சொசைட்டியில் பால் பணம் போட்ட மறுநாள். சாயங்காலக் கறவை நேரத்தில் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று குறைசொல்லக் கூடாது. மஞ்சளை நம்பி மாதத் தவணை ஒப்புக்கொள்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வெட்டி, வேகவைத்து, காயவைத்து விற்கும்வரை எதை வைத்துக் கட்டுவீர்கள்?

இனி கணக்கு. 12 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் 2,400. இரண்டாவது மாதமே 4,800 இருக்கும். அதிலிருந்து இரண்டு பேருக்கு 2,000 வீதம் கொடுத்துவிடுங்கள், புண்ணாக்குக்கோ பள்ளிக்கூடச் செலவுக்கோ. முதல் கடன் ஊக்குநருக்கு, அதாவது குழுத் தலைவிக்குப் போகக் கூடாது. வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் மீதி அசலுக்கு மட்டும் போட வேண்டும். 5,000 ரூபாயை மாதம் 500 வீதம் பத்து மாதத்தில் அடைப்பவருக்கு முதல் மாத வட்டி 50, அடுத்தது 45, கடைசியில் 5; மொத்தம் 275. அசல் குறைந்ததைப் பார்க்காமல் மாதாமாதம் 50 வாங்கினால் 500 ஆகிவிடும். நிறைய குழுக்களில் முதல் சண்டை இங்கேதான்.

கூட்டத்தில் பணத்தை எல்லோர் கண்முன்னாலும் எண்ண வேண்டும். ஒருவர் எண்ண, ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, ஒருவர் எழுத, உறுப்பினரின் பாஸ்புக்கிலும் அந்த இடத்திலேயே ஏற வேண்டும். "வீட்டுல போய் எழுதிக்கலாமுங்" என்று விட்ட வரி திரும்ப வராது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்ததும் கீழே கோடு இழுத்து, அதற்கடியில் கையெழுத்து. இடம் விட்டுக் கையெழுத்து வாங்கினால் அந்த இடத்தில் பிறகு ஒரு தீர்மானம் முளைக்கும்.

வங்கிக் கணக்கு தொடங்க, கணக்கு தொடங்கும் தீர்மானம், குழு விதிமுறை, பொறுப்பாளர்களின் ஆதார், போட்டோ வேண்டும். சேமிப்புக் கணக்குக்கு எல்லா உறுப்பினரின் அடையாள ஆவணமும் தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கவுன்டரில் கேட்டால் பணிவாக இதைச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மதிப்பீடு செய்வார்கள்: ஒழுங்கான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், புத்தகம். அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் சேர்ந்த குழுக்களுக்கு முதல் கடன் சேமிப்பு நிதியின் ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. நம் கணக்கில் ஆறு மாதச் சேமிப்பு 14,400, அதற்கு ஆறு மடங்கு 86,400 என்பதால் 1.5 லட்சம் கேட்கலாம். 20 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது.

குழு கெடுவது பெரும்பாலும் மூன்று வழியில். நோம்பி (பண்டிகை) மாதம் ஒருவர் "சித்த பொறுத்துக்குங்க அக்கா" என்பார், அடுத்த மாதம் நான்கு பேர் சொல்வார்கள். அசல் கட்டாமல் வட்டி மட்டும் கட்டுவதை ஏற்றுக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது, ஒருவர் பெயரில் இன்னொருவர் கடன் வாங்குவது. இதுதான் மோசம், புத்தகத்தில் தெரியாது. கடன் கொடுத்த மறுவாரம் இரண்டு பேர் போய், வாங்கிய தீவனத்தையோ ஆட்டையோ பார்த்து வருவதைத் தவிர வேறு மருந்தில்லை.

ஊக்குநரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும் அன்றே வங்கியில் கையெழுத்தும் மாற வேண்டும். பழையவர் முன்கூட்டியே கையெழுத்திட்ட செக் ஏதாவது மீதி இருந்தால் கூட்டத்திலேயே கிழித்துவிட்டு, அதன் எண்ணைத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.