புயலே இல்லாமல் 95 சென்டிமீட்டர்

"புயல் ஒண்ணும் இல்லைன்னுதானல டிவில சொன்னாவ, அப்புறம் எப்படி இவ்ளோ தண்ணி?" 2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்துக்குப் பிறகு ஏரல் அத்தை என்னிடம் கேட்டது இது. நியாயமான கேள்வி. அந்த மாதத் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலுக்குப் பெயர் இருந்தது, அது போகிற பாதையை எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். 17ஆம் தேதி எங்கள் பக்கம் வந்தது குமரிக்கடலை ஒட்டிய ஒரு மேலடுக்குச் சுழற்சி (உயரத்தில் சுழலும் காற்று), அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையே ஏறக்குறைய 70 செ.மீ.தான்.

அத்தைக்கு நான் சொன்ன பதில் பசிபிக் கடலில் தொடங்கியது. அது எல் நினோ வருடம். பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறுவதுதான் எல் நினோ; அப்போது மழைமேகங்கள் திரளும் இடமே அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை பெய்ய வேண்டிய அந்த ஆகஸ்ட், 1901இல் கணக்கு தொடங்கியதிலிருந்து இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். ஆனால் அதே எல் நினோ, வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் கைகொடுக்கிறது: வங்கக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் கீழைக்காற்று இலங்கையையும் தென் தமிழகத்தையும் நோக்கி வலுக்கிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியும் அந்த வருடம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது, அதுவும் இந்த மழைக்குத் தோதானது. சென்னை மூழ்கிய 2015ம் வலுவான எல் நினோ வருடம்தான்.

எல் நினோ வந்தாலே வெள்ளம் என்று இல்லை. அது மழைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, எந்த ஊரில் கொட்டும் என்பதை அந்தந்த நாளின் காற்றுதான் முடிவு செய்கிறது. அன்று சுழற்சி நகராமல் நின்றது. கடலிலிருந்து வந்த காற்று கரையோரத்தில் வந்து குவிய, ஒரு மேகம் கொட்டி முடிப்பதற்குள் அதே இடத்தில் அடுத்தது எழுந்தது.

ஊர்ப் பெரியவர்கள் இதை 92 வெள்ளத்தோடு வைத்துப் பேசுகிறார்கள். அப்போது மலையில் பெய்ததைத் தாமிரபரணி கொண்டுவந்தது. இந்த முறை ஆறும் வந்தது, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு வெகு கீழே சமவெளியிலும் கொட்டியது. அந்தத் தண்ணீரை நிறுத்த அணை கிடையாது, குளங்கள்தான் உண்டு. குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. தண்டவாளத்தின் அடியில் ஜல்லி அரித்துப்போய், சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. எங்கள் பக்கம் குளக்கரைகளைப் பலப்படுத்துவதை வெறும் மராமத்தாக நினைக்கக் கூடாது, அதுதான் எங்களுக்கு முதல் வெள்ளத் தடுப்பு.

இப்போது அத்தை டிசம்பரில் புயல் பெயருக்காகக் காத்திருப்பதில்லை. வானிலை அறிக்கையில் கீழைக்காற்றும் குமரிக்கடல் சுழற்சியும் சேர்ந்து வந்தால், மாடுகளை முந்தின நாளே மேட்டுக்கு ஓட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.