போனில் தெரிந்த 98

ராயபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பயோமெடிக்கல் டெக்னீஷியனாக இருக்கிறேன். மானிட்டர், இசிஜி, இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாவற்றையும் ஒழுங்காக ஓட வைப்பது என் வேலை.

கொரோனா இரண்டாம் அலையில் காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். "தம்பி, போன்லயே பாத்துக்கினேன், 98 காட்டுது" என்று செல்போனை நீட்டினார். கேமராமேல் விரலை வைத்தால் ஆக்சிஜன் அளவு சொல்கிற ஆப். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கியது. எங்கள் ஆக்சிமீட்டரில் 88. உடனே அட்மிட் போட்டார்கள்.

அந்த 98-க்கு யார் பொறுப்பு? நோயைக் கண்டறியவோ கண்காணிக்கவோ பயன்படும் கருவிகள் எல்லாம், சாஃப்ட்வேர் உட்பட, 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் வரும் என்று மத்திய அரசு 2020 பிப்ரவரியில் அறிவித்தது. அந்த ஏப்ரலிலேயே அமலுக்கும் வந்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் படிப்படியாகத்தான் கட்டாயமானது. ஆபத்து குறைந்த ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபரில், ஆபத்து கூடிய சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபரில். அவர் போனை நீட்டியபோது நடுவில் இருந்த காலம் அது. இன்றைக்கும் ஆப் ஸ்டோரில் எதையாவது இறக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். விதி வந்துவிட்டது, சரி. அது வீட்டு வாசல் வரை வர வேண்டும்.

சரியான மீட்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. அது விரல் வழியே சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்குப் போடுகிறது. மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையிலிருந்து ஐஸ் அள்ளிய கை சில்லென்று இருக்கும், விரலில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், மீட்டர் எண்ணைப் பிடிக்கத் தடுமாறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, திரையில் அலை சீராக ஓடிய பிறகுதான் எண்ணை எழுத வேண்டும் என்று புதிதாகச் சேரும் சிஸ்டர்களிடம் சொல்வேன். தோல் நிறமும் ஒரு காரணம். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும்போதே உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருப்பது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பலவகைத் தோல் நிறத்தவரிடமும் சோதித்துக் காட்டுங்கள் என்று, அங்கே மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டது. வெயிலில் கறுத்த உடம்புகள் நிறைந்த எங்கள் பக்கத்துக்கு இதைவிட அவசியமான சோதனை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கருவியால் கோளாறு வந்தால் தெரிவிக்க, 2015-லிருந்து மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நர்சும் டெக்னீஷியனும் எழுதலாம். அப்படி எழுதும்போது எந்த சாஃப்ட்வேர் ஓடியது என்று தெரியாவிட்டால் பாதிக் கதை போய்விடும். அதனால் மானிட்டருக்கு அப்டேட் போட வரும் சர்வீஸ் இன்ஜினியரிடம் பழைய வெர்ஷன், புது வெர்ஷன் இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறேன்.