தாளவாடி சரிவுல நின்ன லாரியும் கண்ணாடில தொங்குன கேனும்

போன மார்கழில சித்தப்பாவோட பழைய லாரிய எடுத்துக்கிட்டு சத்தியமங்கலம் மலை மேல இருக்கற தாளவாடி போனேன், முட்டைகோஸ் லோடு, மேட்டுப்பாளையத்துக்கு. வழக்கமா ஓட்டற அண்ணனுக்கு வீட்ல கல்யாணம், என்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு, அவ்வளவுதான் காரணம். கூட சித்தப்பா பையன், லீவுல இருந்தான், யானை பாக்கணும்னு ஏறிக்கிட்டான். நான் ஓட்டறதெல்லாம் புது வண்டிங்க, ஏதாச்சும்னா டேஷ்போர்டுலயே லைட் எரிஞ்சு சொல்லிரும். இது 98 மாடல், ஒண்ணும் சொல்லாது.

பண்ணாரி தாண்டி திம்பம் மேல ஏறறப்பவே வண்டி ரெண்டு மூணு எடத்துல குலுங்குச்சு. 27 கொண்டை ஊசி வளைவு, காலி வண்டி, குலுங்க வேண்டிய அவசியமே இல்ல. டீசல் மட்டமா இருக்கும்னு நெனச்சுட்டு விட்டுட்டேன். யானையும் வரல. ஆசனூர் பக்கம், காரப்பள்ளம் செக்போஸ்ட் கிட்டல்லாம் கரும்பு லாரிய மறிச்சு கரும்பு உருவித் திங்கற யானைங்கள வீடியோல பாத்திருப்பீங்க, எங்க வண்டில கரும்பு இல்லன்னு தெரிஞ்சிருக்கும் போல.

பொழுதுசாய தோட்டத்துக்குப் போய் சேந்தோம், வண்டிப்பாதை சரிவுல மூக்கு மேல பாத்தாப்புல நிறுத்திட்டு அங்கயே கேபின்ல படுத்தாச்சு. அந்தக் குளிரப் பத்தி தனியா ஒண்ணு எழுதலாம். ராத்திரியே பாதி, வெடியால மீதின்னு லோடு ஏத்தி முடிச்சாங்க, ஆளுங்க அவங்களுக்குள்ள கன்னடம், எங்ககிட்ட தமிழ். ராகி களி சாப்ட்டுட்டு ஏறி சாவியத் திருப்புனா ங்ங்ங்னு சுத்துது, சுத்துது, பிடிக்கவே இல்ல.

இங்கதான் நான் முட்டாள்தனம் பண்ணுனேன். குளிரு, பழைய வண்டி, அப்ப பேட்டரிதான்னு முடிவு பண்ணிட்டேன். டெர்மினல்ல வெள்ளையா பூத்துக் கெடந்தத சுடுதண்ணி ஊத்தி கழுவுனேன். தோட்டத்து அண்ணன் டிராக்டர்ல இருந்து வயர் போட்டுக்கலாம்னாரு, அது 12 வோல்ட், எங்க வண்டில ரெண்டு பேட்டரி சேத்து 24, வேண்டாம்னுட்டேன். அப்புறம் அவரோட மொபெட்ல தாளவாடி போயி, ஒரு ஒர்க்‌ஷாப்ல கையக் கால புடிச்சு சார்ஜ் ஏத்துன பேட்டரி ரெண்டு வாடகைக்கு வாங்கி, மடில ஒண்ணு பின்னால ஒண்ணுன்னு ரெண்டு நடை கொண்டாந்து மாட்டுனேன். இப்ப செல்ஃப் சும்மா பம்பரமா சுத்துது. இஞ்சின் மட்டும் பிடிக்கல. மணி பத்தரை. ராத்திரில மலைல லாரி விட மாட்டாங்க, 2022ல கோர்ட் உத்தரவு வந்ததுல இருந்து கெடுபிடி, அதுக்குள்ள எறங்கணும்.

சித்தப்பாவுக்கு போன் பண்ணலாம்னா கீழ சிக்னல் இல்ல, கோஸ் லோடு மேல ஏறி நின்னாதான் ரெண்டு புள்ளி வருது. அவரு கேட்ட முதல் கேள்வி, "சுத்தறப்ப சைலன்சர்ல பொகை வருதா கண்ணு?"

யாரு பாத்தா.

தம்பிய பின்னால நிறுத்தி செல்ஃப் அடிச்சேன். "அண்ணா, ஒண்ணுமே வரல, கோழி றெக்கை ஒண்ணு ஒட்டிருக்கு, அது கூட ஆடல." சித்தப்பா சொன்னாரு, வெள்ளப் பொகை வந்தா டீசல் உள்ள போகுது ஆனா எரியலன்னு அர்த்தம், அப்பதான் குளிரு, கம்ப்ரஷன்னு யோசிக்கணும், பொகையே இல்லன்னா டீசலே போகல, உன்ற பேட்டரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு. நல்லா சுத்துற வண்டிக்கு எவன்டா பேட்டரி மாத்துனவன்னும் ஒண்ணு சேத்துக்கிட்டாரு.

மொதல்ல ஸ்டாப் கேபிள். பழைய டீசல் வண்டிய நிறுத்த ஒரு கம்பி இழுப்போம்ல, அது டீசல் பம்ப்புல லிவர அடைச்சு வெக்கும், துரு ஏறி திரும்பி வராம மாட்டிக்கிட்டா நாள் முழுக்க சுத்துனாலும் ஆகாது. பாத்தேன், லிவர் சரியா திரும்பிருக்கு. அடுத்து கைபம்ப், டீசல கையால அமுக்கி ஏத்தற பம்ப். ஃபில்டர் மேல இருக்கற ஏர் ஸ்க்ரூவ ரெண்டு மரை லூஸ் பண்ணிட்டு அமுக்க அமுக்க சோப்பு நுரையாட்ட பொங்குது. ஏர் எடுத்திருக்கு, அதாவது டீசல் பைப்ல காத்து பூந்திருக்கு. சரி, நுரை நின்னு சுத்தமா டீசல் வந்தா முடிஞ்சுதுன்னு அமுக்கறேன், நூறு தடவ இருக்கும், கட்டை விரல் மரத்துப் போச்சு, நுரை கொறையுதே தவிர நிக்கல. அப்படியே டைட் பண்ணி, இஞ்சினுக்குள்ள டீசல் அடிக்கற நாசிலுக்குப் போற பைப்போட நட்டு மூணை 17 ஸ்பேனர்ல லூஸ் விட்டு செல்ஃப் அடிச்சு, டீசல் துப்பறப்ப டைட் வெச்சேன், புடிச்சுது! தோட்டமே கை தட்டுச்சு. ரெண்டு நிமிஷம் ஓடிச்சு, இருமுச்சு, நின்னுருச்சு.

மறுபடி கோஸ் மேல ஏறுனேன். அவரு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "கேன் கட்டு"ன்னாரு.

எனக்கு இந்த முறை தெரியாது, இப்ப யாரப் பாத்தாலும் சொல்லிட்டு இருக்கேன். அஞ்சு லிட்டர் கேன்ல மூணு லிட்டர் டீசல ஊத்தி, கேபின் கண்ணாடி கம்பில தொங்க விட்டு, தோட்டத்துல மருந்தடிக்கற டியூப் ஒண்ண வெட்டி கேன்ல இருந்து நேரா ஃபீட் பம்ப்புக்கு, அதாவது டேங்க்ல இருந்து டீசல உறிஞ்சற பம்ப்புக்கு, குடுத்தோம். டேங்க்கும் அதுல இருந்து வர்ற பைப்பும் இப்ப கணக்குலயே இல்ல. இருவது அமுக்குல நுரை நின்னு போச்சு. ஒரே செல்ஃப், புடிச்சுது, கால் மணி நேரம் அசையாம ஓடிச்சு. அப்ப பம்ப், ஃபில்டர், நாசில் எல்லாம் யோக்கியம், திருடன் டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவுல.

தம்பிதான் கண்டுபிடிச்சான். சேஸிஸ்ல இருந்து கேபினுக்கு அடில வளையற எடத்துல ரப்பர் ஓஸ், கிளாம்ப் அழுத்துன ஓரத்துல நகம் நீளத்துக்கு வெடிப்பு, மடக்குனாதான் தெரியும். சுத்தியும் காஞ்ச புழுதி, ஒரு சொட்டு டீசல் இல்ல. அதனாலதான் வெளிய பாத்தா தெரியல, அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சற பக்கம், அது வெளிய ஒழுகாது, காத்த உள்ள இழுக்கும். ஓடற வண்டில கொஞ்சம் கொஞ்சமா இழுத்துருக்கு, திம்பத்துல குலுங்குனது அதான். ராத்திரி மூக்கு மேல பாத்து நின்னதுல பைப்ல இருந்த டீசல் மொத்தமும் தாழ இருக்கற டேங்க்குக்கே திரும்பிருச்சு.

"டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?"ன்னாரு சித்தப்பா. டேங்க் நெறஞ்சிருந்தா பைப்ல இருந்த டீசல் இவ்வளவு சுலபமா எறங்கிருக்காது. கால் டேங்க்குக்கும் கம்மி, ஊருக்குப் போய் போட்டுக்கலாம்னு இருந்தேன். சிக்னல் இல்லாத மாதிரி "அலோ, அலோ"ன்னுட்டு எறங்கிட்டேன்.

ஓஸ் ஒரு மீட்டர், கிளாம்ப் ரெண்டு, 180 ரூபா. பேட்டரி வாடகை அதைவிட ரெண்டு மடங்கு, திருப்பிக் குடுக்கறப்ப அந்த ஒர்க்‌ஷாப்காரர் என்ன கோளாறுன்னு கேட்டாரு, சொன்னேன், சிரிக்கல, அது ஒண்ணுதான் ஆறுதல். தாளவாடிலயே டீசலும் போட்டுக்கிட்டு நாலரைக்கு திம்பம் எறங்க ஆரம்பிச்சோம். பண்ணாரி செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்துன வனத்துறை ஆளு கண்ணாடிய அண்ணாந்து பாத்து, "என்னங்க தம்பி, டிரிப்ஸ் ஏத்திக் கூட்டிட்டு வர்றீங்களா"ன்னாரு. கேன அவுக்க மறந்தே போயிருந்தோம்.