எகிடியஸ்தான் ஜைல்ஸ்!

மூன்று வாரமாகப் பிடிகொடுக்காத ஜைல்ஸ் ஹாப்கின்ஸ் நேற்று ராத்திரி கிடைத்துவிட்டான். 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற மேஃப்ளவர் கப்பலில் போன ஸ்டீபன் ஹாப்கின்ஸின் மகன். ஹாம்ப்ஷயரில் வின்செஸ்டருக்குப் பக்கத்து ஊரான ஹர்ஸ்லியின் ஞானஸ்நானப் பதிவில் இருக்கிறான்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஸ்டீபன் குளோஸ்டர்ஷயரில் வோர்ட்லி என்ற இடத்துக்காரர் என்றுதான் வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1998இல் மேஃப்ளவர் ஆய்வாளர் கேலப் ஜான்சன் ஹர்ஸ்லிப் பதிவுகளை வெளியிட்ட பிறகு அந்தக் கதை அடிபட்டுப் போனது. ஆனாலும் அடுத்தவர் எழுதியதை அப்படியே என் வம்சப் படத்தில் ஒட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வரியையும் நானே படிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஜைல்ஸின் அக்கா கான்ஸ்டன்ஸ் சுலபமாகக் கிடைத்தாள், 1606 மே 11. ஜைல்ஸ் மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை. நான் சந்தா கட்டும் தளத்தில் எத்தனை எழுத்துக்கூட்டில் தேடியும் பூஜ்யம்தான். அப்புறம்தான் பக்கத்தின் படத்தையே திறந்து, மேலிருந்து கீழாகப் படித்தேன். பாதிரியார் எல்லாவற்றையும் லத்தீனில் எழுதியிருக்கிறார். 'எகிடியஸ், ஸ்டீபன் ஹாப்கின்ஸின் மகன், ஜனவரி 30ஆம் நாள்' என்று ஒரு வரி. எகிடியஸ் என்பதுதான் ஜைல்ஸின் லத்தீன் வடிவம். நம் ஊரில் யாகப்பர் கோயிலுக்கு ஆங்கிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் சர்ச் என்று பெயர்ப் பலகை வைப்பதில்லையா, அந்தக் கதைதான். அட்டவணை போட்டவர் எகிடியஸ் என்றே ஏற்றிவிட்டார். ஆகவே ஜைல்ஸ் என்று தேடினால் எந்த ஜென்மத்திலும் வராது.

சரி, பெயர் தீர்ந்தது. வருஷம் தீரவில்லை. அந்த வரியில் வருஷமே கிடையாது, 'மேற்சொன்ன ஆண்டில்' என்று மட்டும் இருக்கிறது. மேலே ஏறிப் போனால் தலைப்பில் 1607. அக்கா கான்ஸ்டன்ஸுக்கு 1606 மே மாதம் ஞானஸ்நானம், தம்பிக்கு 1607 ஜனவரியில் என்றால் இடைவெளி எட்டரை மாதம்! ஒரே ஊரில் இரண்டு ஸ்டீபன் ஹாப்கின்ஸ் இருந்திருப்பார்களோ என்று இரண்டு நாள் குழம்பினேன். மார்ச் 25 விவகாரம் நமக்குப் புதிதில்லை, 1752வரை இங்கிலாந்தில் வருஷம் அன்றுதான் பிறந்தது, ஜனவரி முந்தின வருஷக் கணக்கிலேயே சேரும். ஆனால் இந்த ஏட்டில் தலைப்பை எந்தக் கணக்கில் போட்டிருக்கிறார் என்பதை ஏட்டிலிருந்தே உறுதிசெய்ய வேண்டுமே. அதற்காக 1607 தலைப்பின் கீழ் உள்ள எல்லாப் பதிவுகளையும் மாத வரிசையில் தாளில் எழுதினேன். நவம்பர், டிசம்பர் எல்லாம் முடிந்த பிறகே அந்த ஜனவரி வருகிறது. ஆக அது நம் கணக்கில் 1608. இடைவெளி இருபது மாதம். எவ்வளவு நிம்மதி!

எழுத்தைப் படிக்கப் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் பழைய கையெழுத்துக்கு இலவசப் பாடம் வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கையேட்டைவிட எனக்கு அதுதான் உதவியது. பக்கத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, ஒரே ஆளின் கையெழுத்தில் உள்ள மாதப் பெயர்களை முதலில் படித்துவிடுங்கள். மாதங்களில் பெரும்பாலான எழுத்துகள் வந்துவிடும், அப்புறம் ஆட்பெயர்கள் தானாகப் பிடிபடும்.

மனதை விட்டுப் போகாதது அம்மா மேரியின் அடக்கப் பதிவு, 1613 மே 9. ஸ்டீபன் 1609இல் 'சீ வென்ச்சர்' கப்பலில் வர்ஜீனியாவுக்குக் கிளம்பி, பெர்முடாவில் கப்பல் உடைந்து, அங்கே கலகம் செய்ததாக மரண தண்டனை விதிக்கப்பட்டு, கெஞ்சி மன்னிப்பு வாங்கியவர். அவர் கப்பலேறிய நாலாம் வருஷம் மனைவி போய்விட்டாள். மூத்த மகள் எலிசபெத்துக்கு ஒன்பது வயது, கான்ஸ்டன்ஸுக்கு ஏழு, ஜைல்ஸுக்கு ஐந்து. அதே ஜைல்ஸுக்குத்தான் 1644 உயிலில் அப்பா தன் பெரிய காளையை எழுதிவைக்கிறார், கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண் குதிரை. உயிலின் அந்த இரண்டு வரிகளை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

அடுத்து லண்டன் ஒயிட்சேப்பலில் எலிசபெத் ஃபிஷருடன் நடந்த இரண்டாம் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் பிப்ரவரி 19, 1617ஆ 1618ஆ என்ற அதே பாடுதான். அப்பர் கிளாட்ஃபோர்டில் ஸ்டீபனின் சொந்த ஞானஸ்நானப் பதிவு, 1581 ஏப்ரல் 30, அதற்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் மூத்தவள் எலிசபெத் பாக்கி இருக்கிறாள். 1604 மார்ச் 13இல் ஞானஸ்நானம், கப்பலில் போனவர்கள் பட்டியலில் இல்லை. இந்த வார இறுதியில் ஹர்ஸ்லி அடக்கப் பதிவுகளை 1613இலிருந்து வரி வரியாக ஆரம்பிக்கிறேன். இந்த முறை தேடுபெட்டிப் பக்கமே போகமாட்டேன்.